திருகு இல்லாத மூடி

லா மான்சா
2 ஜூன் 1996

சதுர்னினோவுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. மூன்று வருஷமாக எழுதாத அக்கா இன்றைக்கு எழுதுகிறாள் என்றால், மோட்டாரைப் பற்றிக் கேட்க அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் அர்த்தம். புவெனவெந்தூராவில் உன் பட்டறை நன்றாக நடக்கிறது என்று சரக்குப் படகுக்காரர் சொன்னார். நடக்கட்டும்.

ஏப்ரலில் படகை மறுபடி ஆற்றில் இறக்கினேன். உன் அத்தான் பாசிலியோ தண்ணீரில் கால் வைப்பதில்லை. எங்கள் பிள்ளை எடில்சன் போன நாளிலிருந்து அப்படித்தான். வீட்டில் யாராவது ஒருவர் சம்பாதிக்க வேண்டுமே! நாற்பது குதிரைத்திறன் மோட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கி, இந்த வயதில் ஓட்டவும் கற்றுக்கொண்டேன். பெண்கள் சேற்றில் பொறுக்கும் பியாங்குவா சிப்பியையும் நாலைந்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, முகத்துவாரத்தைத் தாண்டி, சான் இசித்ரோ சந்தைக்குப் போய்வருகிறேன்.

காலையில் மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. முன்பக்க அணியம் தூக்கி, படகு தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்கிறது. முறுக்கினால் முனகுகிறது. அணியம் இறங்கிவிடுகிறது. இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

நம் ஊர் எவேலியோ பிளக் மாற்றினான், கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினான், விசிறியைக்கூட மாற்றிப் பார்த்தான். கடைசியில் "மோட்டாருக்கு ஒண்ணுமில்ல தியா, உங்க மனசுதான் சரியில்ல"ன்னு சொல்லிவிட்டுப் போனான். தியா என்று அத்தை முறை சொல்லிக் கூப்பிடுகிற அந்த வாயிலேயே விளக்குமாற்றால் போட்டிருப்பேன், வயதில் சின்னவன் என்று விட்டேன்.

போன வியாழக்கிழமை கடல் வற்றம் வேகமாக இருந்தது. ஆறு எங்களை இழுத்துக்கொண்டு ஓடியது. அலை உடையும் மணல்திட்டு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மோட்டார் நின்றது. படகில் ரோஸ்மிராவும் அவள் கைக்குழந்தையும் இருந்தார்கள். துடுப்புப் போட்டு மாங்குரோவ் வேரைப் பிடித்துத் தொங்கினோம். எங்கே நின்றோம் தெரியுமா? எடில்சன் கவிழ்ந்த இடத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில்.

என்ன பழுது என்று மட்டும் எழுது. மற்றது எதுவும் வேண்டாம்.

தியோசெலினா


புவெனவெந்தூரா
8 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அத்தானுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். திறந்து பார்த்தால் மோட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

மற்றது எதுவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிட்டு உன் மோட்டாருக்கு வருகிறேன். எடில்சனுடைய ஒன்பதாம் நாள் துக்க இரவில், பெண்கள் பாட்டை நிறுத்தும்படி, ஊரே கேட்கும்படி, "எம் புள்ளய கொன்னது உன் கை"ன்னு சொன்னாய். முந்தின வாரம்தான் அந்த மோட்டாரைப் பிரித்துக் கோர்த்துக் கொடுத்திருந்தேன். நீ சொன்னபிறகு யாரும் என்னிடம் மோட்டார் கொண்டுவரவில்லை. அதற்காக நான் ஊரைவிட்டுப் போகவில்லை. நீ சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் போனேன். அது இன்றுவரை போகவில்லை. அந்த மோட்டார் கடலுக்கடியில் கிடக்கிறது, அதைக் கேட்கவும் முடியாது.

சரி. மோட்டார் உடனே செத்தால் தீப்பொறிக் கோளாறு. சோர்ந்து சோர்ந்து செத்தால் பெரும்பாலும் பட்டினி. டாங்கிலிருந்து போகும் குழாயின் நடுவில் ரப்பர் உருண்டை ஒன்று இருக்கிறதே, கையால் அமுக்குவோமே, அடுத்த தடவை மோட்டார் சோரும்போது அதைப் பிடித்துப் பார். கல்லு மாதிரி இருக்கிறதா, சப்பிப்போய் இருக்கிறதா? கல்லு மாதிரி என்றால் பெட்ரோல் வருகிறது, வேறு இடத்தில் தேடுவோம். சப்பியிருந்தால் பெட்ரோல் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

ஆற்றுக்குள்ளேயே பார். நான் சொல்லும்வரை முகத்துவாரத்தைத் தாண்டாதே. இந்த ஒரு தடவை தம்பி பேச்சைக் கேள்.

சதுர்னினோ


லா மான்சா
13 ஜூன் 1996

சதுர்னினோ,

சப்பிப்போய் இருக்கிறது. காய்ந்த மாங்காய் மாதிரி ஒட்டிக்கொண்டு, அமுக்கினால் திரும்ப எழும்புவதில்லை. குழாயை மாற்றினேன், வடிகட்டியை மாற்றினேன். அப்படியேதான் இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தால் சீக்கிரம் நிற்கிறது. பாதிதான் இருந்தால் கொஞ்சம் தூரம் கூடுதலாக ஓடுகிறது. உலகத்தில் வயிறு நிறைந்தவுடன் பசியில் சாகிற பிராணி இது ஒன்றுதான்.

இரண்டாவதை எழுதக் கை வரவில்லை. போகும்போதுதான் நிற்கிறது. சான் இசித்ரோவிலிருந்து திரும்பும்போது ஒரு தடவைகூட நின்றதில்லை. அதே மோட்டார், அதே படகு, அதே நான். ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? ரோஸ்மிரா என் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள்: "எடில்சன்தான் ஒங்கள கடலுக்கு விடமாட்டேங்குறான் தியா. வீட்டுக்கு வர்றப்ப மட்டும் வழி விடுறான். புள்ள மனசு அப்படி." அவளை அதட்டினேன். ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். அது பொய்யென்று சொல்ல எனக்கு மனமில்லை, சதுர்னினோ. அவன் என்னைத் தடுக்கிறான் என்றால் அவன் எங்கேயோ இருக்கிறான் என்று ஆகிறது.

இப்போது யாரும் என் படகில் ஏறுவதில்லை. சிப்பி கூடையில் அழுகுகிறது.

தியோசெலினா


புவெனவெந்தூரா
19 ஜூன் 1996

அக்கா,

எடில்சன் உன்னைத் தடுக்கவில்லை. தடுக்கிறவனாக இருந்தால் கவிழ்ந்த இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவானா? அவன் உன்னிடம் விளையாடுவான், உன்னைப் பயமுறுத்தமாட்டான். "மாமா, அம்மா திட்டுறப்ப அவங்க மூக்கு மட்டும் ஆடும், பாத்திருக்கியா?"ன்னு என்னிடம் கேட்டவன் அவன்.

மோட்டாருக்குப் போகிற வழி, வருகிற வழி என்று ஒன்று தெரியாது. ஆகவே மோட்டார் இல்லை. நீ காலையில் செய்கிற ஏதோ ஒன்று, மதியம் வேறு மாதிரி நடக்கிறது. வீட்டில் ஆரம்பித்து மோட்டாரை இழுக்கிறவரை எல்லாவற்றையும் எழுது. யார், எதை, எந்தக் கையால் தூக்குகிறார்கள் என்பதுகூட. சான் இசித்ரோவில் என்ன நடக்கிறது என்பதையும் எழுது. டாங்க் இந்த மோட்டாரோடு வந்ததா, வேறா?

அற்பமாகத் தோன்றினாலும் எழுது. அற்பமான இடத்தில்தான் இது ஒளிந்துகொண்டிருக்கிறது.

சதுர்னினோ


லா மான்சா
26 ஜூன் 1996

தம்பி,

உனக்கு வேலை இல்லை போலிருக்கிறது. சரி, எழுதுகிறேன்.

விடிந்ததும் வாழைக்காயை வேகவைத்து, முந்தின நாள் மீனைச் சுடவைக்கிறேன். அத்தான் டாங்கை வீட்டுக்குள்ளிருந்து எடுக்கிறார். படகில் விட்டால் திருட்டுப் போகும், உனக்குத் தெரியாததில்லை. டாங்க் மோட்டாரோடு வந்தது இல்லை. அது நம் பழைய சிவப்பு டாங்க். படகு கவிழ்ந்தபோது மோட்டார் முழுகியது. படகைப் பிறகுதான் இழுத்துவந்தார்கள், டாங்க் முதலிலேயே மிதந்து கரை ஒதுங்கியது. அத்தான் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிள்ளையைக் கொண்டுவருவதற்கு முன்னால் அதுதான் வீட்டுக்கு வந்தது. அதை வேறு யாரும் தொட விடமாட்டார். துடைக்கிறார், நிழலில் வைக்கிறார். படகுக்குக் கிட்டே வராத மனிதர், அதை மட்டும் தினமும் வலது தோளில் சுமந்துவந்து, ஏணிப்படியின் கடைசிப் படியில் நின்று என்னிடம் கொடுக்கிறார். அதோடு சரி. தண்ணீரைப் பார்க்காமல் திரும்பிவிடுவார்.

தூக்குவதற்கு முன்னால் மூடியின் மேலிருக்கும் சின்னத் திருகை இறுக்குவார், தோளில் பெட்ரோல் சிந்தாமல் இருக்க. எத்தனையோ வருஷப் பழக்கம். நான் டாங்கை வாங்கிப் பின்பக்க அமரத்தில் வைத்து, குழாயை மாட்டி, உருண்டையை அமுக்கி, இழுக்கிறேன்.

சான் இசித்ரோவில் பெட்ரோல் விற்கிற ஊபால்தினா தானே டாங்கை நிரப்புகிறாள். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். "ஒங்க டாங்கு பெருமூச்சு விடுது தியா"ன்னு கேலி செய்வாள். மூடிவிட்டு அந்தத் திருகை எதிர்ப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவாள். அவள் பழக்கம் அப்படி. பிறகு வீட்டுக்கு வருகிறேன்.

எழுத உட்கார்ந்தால் நிறுத்த முடியவில்லை. எடில்சன் போன அன்றைக்கும் இதே மாதிரிதான். அத்தானுக்குக் குளிர்காய்ச்சல், பல் அடித்துக்கொண்டிருந்தது. "நா ஓட்டுறேம்ப்பா, நீ படு"ன்னு பிள்ளை சொன்னான். அதுவரை அணியத்தில் கழியோடு நின்றவனே தவிர, அமரத்தில் அவனை அவர் உட்காரவிட்டதே இல்லை. அந்தக் காய்ச்சலிலும் டாங்கைத் தூக்கிக்கொண்டு வந்து, அவனிடம் கொடுத்து, படகைத் தன் கையாலேயே தள்ளிவிட்டார். நான் ஏணியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதும். கண்டுபிடி.

அக்கா


புவெனவெந்தூரா
2 ஜூலை 1996

அன்புள்ள அக்காவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை. டாங்க் மூடியின் ரப்பர் இற்றுப்போயிருக்கிறது. இந்தக் கடிதத்தோடு புது மூடி அனுப்புகிறேன். இதில் திருகு கிடையாது, சின்ன ஓட்டை மட்டும்தான். அதை மாட்டிக்கொண்டு தைரியமாகப் போகலாம். பழைய மூடியை ஆற்றில் எறிந்துவிடு. யாருக்கும் எதுவும் விளக்கிச் சொல்லவேண்டாம். அத்தானிடம் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அவருக்கு எதற்கு வீண் தலைவலி.

இன்னொன்று. மூன்று வருஷமாக யோசித்ததில் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த மோட்டாரின் பெட்ரோல் பம்பில் நான் போட்ட சவ்வு பழையது. புதிது கையில் இல்லாததால் அதையே வைத்து மூடினேன். நீ அன்று சொன்னது சரிதான். என் கைதான். இனி அதைத் தோண்டவேண்டாம்.

கார்மென் மாதா திருநாளுக்கு எனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

சதுர்னினோ


லா மான்சா
7 ஜூலை 1996

சதுர்னினோ,

சின்ன வயதில் தேங்காய் மிட்டாயைத் திருடித் தின்றுவிட்டு, வாயில் வெல்லம் ஒட்டியிருக்க "நான் இல்லை" என்பாய். இப்போது திருடாமலே "நான்தான்" என்கிறாய். இரண்டும் உனக்கு வரவில்லை.

முதல் கடிதத்தில் சந்தேகம் என்றாய். மூன்று வருஷம் வராத ஞாபகம், நான் அத்தானைப் பற்றி எழுதிய கடிதத்தைப் படித்தவுடன் எப்படி வந்தது? ஏன் பழைய மூடியை ஆற்றில் எறியச் சொல்கிறாய்? இற்றுப்போன ரப்பரை யாராவது ஆற்றில் எறிந்து மறைப்பார்களா?

அத்தான் வாழைத் தோட்டத்துக்குப் போனபிறகு டாங்கைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போனேன். படகைக் கட்டிப்போட்டு, திருகை இறுக்கி, மோட்டாரை ஓடவிட்டேன். சோர்ந்தது, இருமியது, நின்றது. உருண்டை சப்பிப்போயிருந்தது. திருகைத் தளர்த்தினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் வெளியே வரும் போலிருக்கிறது. உருண்டை என் கைக்குள்ளேயே மெதுவாக எழும்பியது. அதற்குப் பிறகு டாங்க் காலியாகிறவரை ஓடியது.

அது ஓடுகிறவரை படகின் தரையில் உட்கார்ந்து கத்தினேன். நல்லவேளை, மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அவரே ஓட்டிய காலத்தில் இறுக்குகிறவர் அவர், அமரத்தில் உட்கார்ந்ததும் தளர்த்துகிறவரும் அவர். இரண்டும் ஒரே கை என்பதால் இரண்டாவதை யாருக்கும் அவர் சொல்லித்தரவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றியும் இருக்காது. எனக்கும் தெரியவில்லை, என் பிள்ளைக்கும் தெரியவில்லை.

எனக்கு வழி சொல். ஊர் முன்னால் உன்மேல் பழி போட்டவள் நான். ஊர் முன்னால்தான் அதை எடுக்கவேண்டும். எடுத்தால், "அப்போ என்னதான் ஆச்சு?"ன்னு கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் பாசிலியோ செத்துவிடுவார். சொல்லாவிட்டால் நீ திரும்பி வரமுடியாது. ராத்திரி அவர் பக்கத்தில் படுத்திருக்கிறேன், அவர்மேல் கோபமாக வருகிறது. காலையில் அந்த டாங்கைத் துடைப்பதைப் பார்க்கிறேன், கோபம் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

அக்கா


புவெனவெந்தூரா
10 ஜூலை 1996

அக்கா,

கெட்டிக்காரி. பட்டறையில் உன்னை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வழி சுலபமானது. என் பெயர் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது, பழகிவிட்டேன். இங்கே எனக்கு வேலை இருக்கிறது, நாலு பேர் மதிக்கிறார்கள். அத்தானுக்கு என்ன இருக்கிறது? அந்த டாங்க் ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிடாதே. மூடியை மாட்டு. பழி என்னிடமே இருக்கட்டும்.

என் கை இல்லை என்று நீயும் நானும் தெரிந்துகொண்டோம். நேற்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன், அக்கா. எனக்கு அது போதும்.

சதுர்னினோ


லா மான்சா
17 ஜூலை 1996

என் தம்பிக்கு,

உன் கடிதம் திருநாளுக்கு முந்தின நாள் வந்தது. நீ சொன்னபடியே செய்தேன். பழைய மூடியைக் கழற்றி உப்பு ஜாடிக்குள் போட்டேன், எறிய மனம் வரவில்லை. உன் மூடியை மாட்டினேன்.

நேற்று காலை ஊரே படித்துறையில் நின்றது. எல்லாப் படகிலும் காகிதப் பூவும் தோரணமும். மாதா சிலை முதல் படகில். எல்லா மோட்டாருக்கும் பாதிரியார் தண்ணீர் தெளிக்கப்போகிறார். அத்தான் வழக்கம்போல டாங்கைத் தூக்கித் தோளில் வைத்தார். மூடியில் திருகு இருக்கிற இடத்தை விரல் தேடியது. இல்லை. அப்படியே நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் சிந்தி, திருநாளுக்கென்று நான் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் வழிந்தது. கழுத்தில் எரிந்திருக்கும். பின்னால் நடந்த நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஏணியின் கடைசிப் படியில் நின்றார். அவரைத் தாண்டி முன்னால் போய்க் கை நீட்டினேன், டாங்கைக் கொடுக்கவில்லை.

"இது யாரு மூடி?"

"சதுர்னினோ அனுப்பினான்."

"மச்சானா? சுமந்துட்டு வர்ற டாங்குக்கு எவனாச்சும் தொறந்த மூடி போடுவானா? அவன் வேல தெரிஞ்சவன்." அவர் மூக்கு பெட்ரோல் நெடியில் சுளித்தது. "செலி, ஏன் அனுப்பினான்?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். அவர் என் முகத்தையே பார்த்தார், பிறகு மோட்டாரை, பிறகு அமரத்துப் பலகையை. அந்தப் பலகையில் உட்கார்ந்தவுடன் தன் கை தானாகச் செய்கிற வேலை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். டாங்கை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அவங்கிட்ட சொல்லலயேடி. திருகத் தொறக்கணும்னு சொல்லலயே."

"காய்ச்சல்ங்க ஒங்களுக்கு."

"சொல்லலயே."

நான் அவர் தலையைப் பிடித்து என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். படித்துறையில் இருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எவேலியோ ஓடிவந்து அவரிடம், "என்ன தியோ, ஒடம்பு முடியலயா?"ன்னு கேட்டான்.

அத்தான் எழுந்தார். அவர் சத்தம் போடவில்லை. ஆனால் அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்டது. "சதுர்னினோ கோத்த மோட்டார் நல்ல மோட்டாருய்யா. டாங்குக்குக் காத்து போகல. திருக மூடுனவன் நான், தொறக்கச் சொல்லாதவனும் நான். இத்தன நாளா அவன் பேரச் சொன்னீங்க. இனி எம் பேரச் சொல்லுங்க."

ரோஸ்மிரா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு வந்து, அவர் தோளிலிருந்த பெட்ரோலைத் தன் தலைத்துணியால் துடைத்தாள்.

அப்போது நானும் சொன்னேன். ஒன்பதாம் நாள் நான் சொன்னது பொய், என் தம்பி கை சுத்தமான கை என்று அதே ஆட்கள் முன்னால் சொன்னேன். மூக்கு ஆடியிருக்கும், ஆடட்டும்.

அவர் பழைய மூடியைக் கேட்டார். வீட்டுக்கு ஓடிப்போய் உப்பைத் தட்டிக் கொண்டுவந்தேன். அதைத் தானே மாட்டி, இறுக்கி, டாங்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மூன்று வருஷத்துக்குப் பிறகு, முழங்கால்வரை. படகில் ஏறினார். அமரத்தில் உட்காரவில்லை. அணியத்துக்குப் போய், எடில்சன் நிற்கிற இடத்தில் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏறி அமரத்தில் உட்கார்ந்ததும் அங்கிருந்து திரும்பிப் பார்த்தார்.

"செலி, திருகத் தொற. நான் பாக்கணும்."

தளர்த்தினேன். எனக்குப் பின்னால் ரோஸ்மிரா ஏறினாள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். மாதா படகுக்குப் பின்னால் போனோம். முகத்துவாரத்தில் அலை உடைகிற இடம் வந்தபோது அவர் கழியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். மோட்டார் நிற்கவில்லை. அவர் அழுது முடிக்கிறவரை நான் முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நாளைக்கும் சாப்பிடுவாரா என்று தெரியாது. வாசல்படியில் உட்கார்ந்து, படகு வருகிற சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறார். "மச்சான் வருவானா?"ன்னு காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

உன் மூடியை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். அது இங்கே யாருக்கும் வேண்டாம். நீ மட்டும் வா.

அக்கா செலினா